பயந்தால் என்ன? பேசலாம் வாங்க!



ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். உண்மையைத்தான் சொல்லணும், சரியா?

'டிவி'யில் பயங்கரமான காட்சி வரும்போது, கையால் முகத்தை மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்தது உண்டா? தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது உண்டா? அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க, சமையல் அறைக்குத் தனியாகப் போகத் தயங்கி, "அம்மா... நீயும் வாயேன்!" என்று கூப்பிட்டது உண்டா?

'எனக்கா, பயமா? சேச்சே...' என்று காலரைத் தூக்கி விடும் ஆட்களும் உங்களில் இருப்பீர்கள். இருக்கட்டும், இருக்கட்டும். இன்றைய கட்டுரை முக்கியமாக உங்களுக்குத்தான்.

இங்கிலாந்தில், 'டாக்டர் ஹூ' என்று ஒரு அறிவியல் புனைகதைத் தொடர் உண்டு. பி.பி.சி., தொலைக்காட்சியில், 1963ம் ஆண்டு நவம்பர் 23ம் தேதி தொடங்கியது. 1989ல் நின்று போனது. 1996ல் ஒரே ஒரு படமாக வந்து எட்டிப் பார்த்தது. பின், 2005ல் மீண்டும் தொடங்கியது. இடையில் இவ்வளவு இடைவெளி இருந்தாலும், 60 ஆண்டுகளைத் தாண்டிய தொடர் அது. அன்று பார்த்த குழந்தைகள், இன்று தாத்தா, பாட்டி ஆகிவிட்டனர்!

கதை இதுதான்... 'டாக்டர்' என்று ஒருவர். வேற்றுக் கிரகத்தில் இருந்து வந்தவர். பார்க்க மனிதர் மாதிரியே இருப்பார். காலத்திலும், விண்வெளியிலும் பயணம் செய்வார். அவருடைய வாகனம், பழைய காலத்து நீல நிறப் போலீஸ் பெட்டி போல் இருக்கும். வெளியே சின்னது, உள்ளே மிகப் பெரிது!

சனிக்கிழமை மாலையில், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட தொடர் இது. ஆனாலும், அதில் வரும் அரக்கர்களைக் கண்டு, குழந்தைகள் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து கொள்வராம். 'சோபாவுக்குப் பின்னால்' என்றாலே, அங்கே இந்தத் தொடர் ஞாபகத்துக்கு வந்துவிடும். 1991ல், லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இந்தத் தொடரைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோது, அதற்குப் பெயரே, 'சோபாவுக்குப் பின்னால்' என்றுதான் வைத்தனர்.

பார்த்தீர்களா... ஒரு நாட்டுக் குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து, 'ஆமாம், நாங்கள் பயந்தோம்' என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கண்ணை மூடாதே!

இந்தத் தொடரில், ரசிகர்களை நடுங்க வைத்த அத்தியாயம் எது என்று பேச்சு வந்தால், தவறாமல் வரும் பெயர், 'பிளிங்க்'. கண் இமைப்பது என்று அர்த்தம். 2007ம் ஆண்டு, ஜூன் 9ம் தேதி ஒளிபரப்பானது. எழுதியவர், ஸ்டீவன் மொபட்.

இதில் வரும் வில்லன்கள் யார் தெரியுமா? கல் சிலைகள்! இறக்கை உள்ள தேவதைச் சிலைகள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அழுவது போல் நிற்கும். இங்கிலாந்துக் கல்லறைத் தோட்டங்களில், இப்படிப்பட்ட சிலைகளை நிறையப் பார்க்கலாம்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வரை, அது வெறும் கல். அசையாது. பார்வையைத் திருப்பினால், நகர்ந்து வரும். திரும்பிப் பார்த்தால், மறுபடியும் கல். ஆனால், முன்பை விடப் பக்கத்தில் நிற்கும்! கண் இமைக்கிற நேரம் போதும், உங்களை வந்து தொட்டு விடும்.

தொட்டால் என்ன ஆகும்? ரத்தம் கிடையாது, கத்திக் குத்து கிடையாது. தொடப்பட்டவர், பல ஆண்டுகளுக்கு முந்தைய காலத்துக்குத் தூக்கி எறியப்படுவார். அங்கேயே வாழ்ந்து, அங்கேயே வயதாக வேண்டியதுதான். வீடு, நண்பர்கள் எல்லாம் போச்சு. கதையில், சாலி ஸ்பாரோ என்ற இளம் பெண்ணின் தோழி, 2007ல் இருந்து 1920க்குப் போய் விழுகிறாள். அவள் அங்கிருந்து எழுதிய கடிதம், அவள் காணாமல் போன சில நிமிடங்களிலேயே, சாலியின் கைக்கு வந்து சேருகிறது. கொண்டு வந்து கொடுப்பவன், அந்தத் தோழியின் பேரன்!

டாக்டரும், 1969ல் மாட்டிக்கொள்கிறார். அந்த அத்தியாயத்தில் அவர் வருவதே கொஞ்ச நேரம்தான். சிலைகளை எதிர்த்து நிற்பது, சாலிதான். அவளிடம் துப்பாக்கி இல்லை, மந்திரம் இல்லை. 'ஐயோ' என்று பயப்படவும் செய்கிறாள். ஆனால், பயந்துகொண்டே யோசிக்கிறாள்.

முடிவில் என்ன நடக்கிறது? நீலப் பெட்டியைச் சுற்றி, நான்கு பக்கமும் நான்கு சிலைகள். நடுவில் இருந்த பெட்டி திடீரென்று மறைந்து போகிறது. அவ்வளவுதான்! சிலைகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துவிட்டன. யாராவது பார்த்தால்தான் அவை கல்லாகி விடுமே! அப்படியே உறைந்து போய்விட்டன. முகத்தைப் பொத்தியிருந்தது அழுகைக்காக அல்ல. ஒன்றையொன்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காக!

இந்த அத்தியாயம், 2008ல், அறிவியல் புனைகதை உலகின் புகழ்பெற்ற, 'ஹியூகோ' விருதைப் பெற்றது. 'டாக்டர் ஹூ' இதழ், 2009லும், 2014லும் நடத்திய வாசகர் வாக்கெடுப்புகளில், அதுவரை வந்த அத்தனை கதைகளிலும் இரண்டாம் இடம் பிடித்தது.

இத்தனைக்கும், அந்தத் தேவதைகள் யார் தெரியுமா? கல்லும் இல்லை, கம்ப்யூட்டர் படமும் இல்லை. சாம்பல் நிறப் பூச்சு பூசிக்கொண்டு, மூச்சை அடக்கி அசையாமல் நின்ற நடிகைகள்! அந்த அத்தியாயத்தில், சிலை நகர்வதை ஒரு முறை கூட யாரும் காட்டவில்லை. நகர்த்தியது, நம்முடைய மனம்தான்.

திங்கட்கிழமை பேச்சு!

சனிக்கிழமை பயந்தாயிற்று. அப்புறம்?

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. திங்கட்கிழமை, பள்ளி விளையாட்டு மைதானத்தில் பேச்சு தொடங்கும். பெரியவர்கள் அலுவலகத்தில் பேசுவர். ரசிகர்கள் கூட்டம் போட்டுப் பேசுவர். இத்தனை ஆண்டுகள் ஆகியும், அந்தச் சிலைகளைப் பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை. என்ன பேசுகின்றனர் என்று கேளுங்களேன்...

'இரண்டு கண்ணையும் ஒன்றாக இமைத்தால்தானே ஆபத்து? ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் தப்பிக்கலாமே...' என்பார் ஒருவர்.

'எவ்வளவு நேரத்துக்கு முடியும்? மனிதன், நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறான். அதாவது, மூன்று, நான்கு நொடிக்கு ஒரு தடவை...' என்று கணக்குப் போடுவார் இன்னொருவர். அவர் சொல்வது உண்மைதான். இமைக்காமல் இருந்து பாருங்கள்... கண் எரிந்து, தண்ணீர் வந்துவிடும். கண்ணை ஈரமாக, சுத்தமாக வைத்திருக்கத்தான் இயற்கை நம்மை இமைக்க வைக்கிறது.

மூன்றாமவர் ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார்... 'கவனித்தீர்களா? சில காட்சிகளில், கதையில் இருக்கும் யாருமே சிலையைப் பார்க்கவில்லை. ஆனாலும் அது அசையவில்லை. ஏன்? வீட்டில் உட்கார்ந்து நாம் பார்த்துக்கொண்டு இருக்கிறோமே!'

அடேயப்பா! எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு. அப்படியென்றால், சாலிக்குக் காவல், நாம்தான். சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், அவள் கதி என்ன ஆவது!

சண்டையும் உண்டு. 2010ல் இதே சிலைகள் மீண்டும் வந்தன. அந்தக் கதையில், சிலைகள் மெல்லத் தலையைத் திருப்புவதைக் காட்டிவிட்டனர். 'போச்சு... காட்டாமல் இருந்தபோதுதான் பயமாக இருந்தது...' என்றனர் சிலர். 'இல்லையில்லை, எனக்கு இதுதான் அதிகப் பயம்...' என்றனர் வேறு சிலர்.

2012ல் வந்த கதையில், அமெரிக்காவின் நியூயார்க்கில் உள்ள சுதந்திர தேவி சிலையே நடந்து வருவதுபோல் காட்டினர். ரசிகர்கள் விடுவார்களா? 'பீடம் இல்லாமலே, 46 மீட்டர் உயரம். ஊரில் இத்தனை லட்சம் பேர் இருக்கின்றனர். ஒருவர் கூடவா அந்தப் பக்கம் பார்த்திருக்க மாட்டார்? தவிர, அது கல் சிலையே இல்லை. செம்புத் தகட்டால் செய்தது...' என்று பிடித்துக்கொண்டனர். பயங்கரமான காட்சி, சிரிப்புக் காட்சி ஆகிவிட்டது!

அறிவியல் படித்த ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 'பார்த்தால் அசையாது என்பது முழுக்கக் கற்பனை இல்லை...' என்று ஆரம்பித்தனர். அணு போன்ற மிகச் சிறிய துகள்களின் உலகில், அப்படி ஒரு விந்தை உண்டு. ஒரு அணுவை, 'மாறிவிட்டதா, மாறிவிட்டதா...' என்று அடிக்கடி அளந்து பார்த்துக்கொண்டே இருந்தால், அது மாறுவது தடைப்படும். இதற்கு, 'குவாண்டம் ஜீனோ விளைவு' என்று பெயர்.

இதை, 1977ல் விளக்கி எழுதியவர்கள், மிஸ்ரா மற்றும் சுதர்சன் என்ற விஞ்ஞானிகள். இவர்களில் இ.சி.ஜி.சுதர்சன், கேரளாவில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்! 1990ல், அமெரிக்க விஞ்ஞானிகள், பெரிலியம் அயனிகளை வைத்துச் சோதனை செய்து, இந்த விளைவைக் காட்டினர். ஆனால், இதெல்லாம் துகள்களின் உலகில் மட்டும்தான். கல் சிலைக்குப் பொருந்தாது. நீங்கள் பார்த்தாலும், பார்க்காவிட்டாலும், கல் கல்தான். நிம்மதியாகத் தூங்கலாம்!

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லி விடுகிறேன். தனியாகப் படுத்துக்கொண்டு நினைத்தபோது, அந்தச் சிலை பூதமாக வளர்ந்தது. நான்கு பேர் சேர்ந்து பேசியபோது, அது கணக்காக, கேள்வியாக, அறிவியலாக, கடைசியில் கேலியாகவும் மாறிப் போனது. சிலை மாறவில்லை, பேச்சுதான் மாற்றியது.

தெருமுனைச் சிலை!

இது இங்கிலாந்தில் மட்டும் நடப்பதில்லை. என் அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறையில், அவனுடைய பெரியப்பா மகனோடு சேர்ந்து இந்த அத்தியாயத்தைப் பார்த்தான். பெரியவனுக்கு, 13 வயது. படம் முடிந்ததும், சின்னவன் முகம் வெளுத்துவிட்டது. "டேய், பயந்தாங்கொள்ளி!" என்று பெரியவன் கைதட்டிச் சிரித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி விட்டான்.

அதன்பின், சின்னவன் வாயே திறக்கவில்லை. ஆனால், 'டியூஷன்' போகும் வழியில், தெருமுனையில் ஒரு தலைவரின் சிலை இருக்கிறது. அந்தப் பக்கமே போகாமல், மூன்று தெரு சுற்றிப் போக ஆரம்பித்தான். தினமும் தாமதம், தினமும் திட்டு. ஏன் என்று அக்கா கேட்டால், பதில் இல்லை. ஒரு வாரம், அந்தச் சின்ன மனது, தனியாகவே அதைச் சுமந்திருக்கிறது. நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதைத் தீர்த்து வைத்தது யார் தெரியுமா? கேலி செய்த அதே அண்ணன்தான். ஒருநாள் சாப்பிடும்போது, அவனாகவே, "டேய், அன்னிக்கு ராத்திரி நானும் 'லைட்' போட்டுட்டுத்தாண்டா தூங்கினேன்..." என்றான்.

"நீயா அண்ணா?" என்று சின்னவன் கண்ணை விரித்தான். அவ்வளவுதான், கொட்ட ஆரம்பித்துவிட்டது. சிலை, தெரு, 'டியூஷன்' என்று எல்லாம் வெளியே வந்தது. மறுநாள், இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சிலை முன் போய் நின்றனர். சின்னவன் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இவருக்குக் கண்ணாடி இருக்கே... அதைக் கழற்றிட்டா, நாம இருக்கிறதே இவருக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டானாம். அதோடு பயம் போயே போச்சு.

"பயப்படாதே!" என்று நூறு பேர் சொல்லியிருந்தாலும், இது நடந்திருக்காது. "நானும் பயந்தேன்!" என்று ஒருவன் சொன்னான், அது போதுமாக இருந்தது.

அப்படியானால், எல்லாவற்றையும் பார்க்கலாமா?

'பயந்தால் பேசினால் போதும் என்றால், எந்தப் பயங்கரப் படத்தை வேண்டுமானாலும் பார்க்கலாமா?' என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா? இல்லை குட்டீஸ், அதுவும் சரியில்லை.

இதே தொடரில், 1976 நவம்பரில் ஒரு காட்சி வந்தது. டாக்டரின் தலையை, எதிரி ஒருவன் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அந்தக் காட்சி அப்படியே உறைந்து நிற்க, அந்த வாரப் பகுதி முடிந்து போகிறது. மீதி அடுத்த வாரம்!

மேரி ஒயிட்ஹவுஸ் என்ற பெண்மணி, இதைக் கடுமையாக எதிர்த்தார். தொலைக்காட்சியில் வரும் வன்முறையைத் தொடர்ந்து கண்டித்து வந்தவர் அவர். 'டாக்டர் பிழைத்தாரா, இல்லையா என்று தெரியாமல், அந்தக் காட்சி குழந்தையின் மனதிலேயே ஒரு வாரம் நிற்குமே...' என்பது அவர் வாதம். பி.பி.சி., தலைமை மன்னிப்புக் கேட்டது. அந்தக் கடைசிக் காட்சி, பின்னர் சுருக்கப்பட்டது.

'ஒரு கதைக்குப் போய் இவ்வளவு கோபமா...' என்று அவரைக் கிண்டல் செய்த ரசிகர்கள் நிறைய உண்டு. நான் கிண்டல் செய்ய மாட்டேன். அவர் கேட்ட பல விஷயங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால், பயந்து போன ஒரு குழந்தை, அடுத்த ஒரு வாரத்தை எப்படிக் கழிக்கும் என்று யோசித்தாரே... அந்தக் கேள்வி சரியான கேள்வி. கல் சிலை நடந்து வரப் போவதில்லை. தண்ணீரில் தலையை அமுக்குவது, விளையாட்டுக்குக் கூட யாரும் செய்து பார்க்கக் கூடிய ஆபத்து. இரண்டும் ஒன்றல்ல.

புதிய 'டாக்டர் ஹூ' வந்த பிறகு, பி.பி.சி., இணைய தளத்தில் ஒரு நல்ல காரியம் செய்தனர். ஒளிபரப்புக்கு முன்பே, ஒரு வீட்டுக் குழந்தைகளைப் பார்க்கச் செய்து, 'எவ்வளவு பயமாக இருந்தது?' என்று அவர்களையே மதிப்பெண் போடச் சொன்னார்கள். பயமா, இல்லையா என்பதைப் பெரியவர்கள் ஊகிக்கவில்லை; குழந்தைகளிடமே கேட்டனர்!

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். நான் சொல்வது நாலே நாலு...

* பயங்கரமான கதையைத் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது கூட இருக்கும்போது பாருங்கள்.

* 'போதும், எனக்குப் பார்க்க வேண்டாம்' என்று தோன்றினால், தயங்காமல் எழுந்து போய் விடுங்கள். அது தோல்வி இல்லை. நம் மனதின் அளவு நமக்குத்தான் தெரியும்.

* பார்த்து முடித்தபின் பேசுங்கள். எந்த இடத்தில் பயந்தோம், ஏன் பயந்தோம், அதை எப்படி எடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். இருட்டும், இசையும், அமைதியும் சேர்ந்து நம்மை எப்படி ஏமாற்றின என்று கண்டுபிடியுங்கள். பல நாள் தூக்கம் வரவில்லை என்றால், அம்மா, அப்பாவிடமோ, ஆசிரியரிடமோ கட்டாயம் சொல்லி விடுங்கள்.

* தம்பியோ, தங்கையோ, நண்பனோ பயந்தால், கேலி செய்யாதீர்கள். 'எனக்கும் அந்த இடத்தில் திக்கென்றது...' என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று... காலரைத் தூக்கி விட்டீர்களே, அந்தத் தைரியசாலிகளுக்கு! சாலி, அந்தச் சிலைகளிடம் இருந்து எப்படித் தப்பித்தாள்? பயமே இல்லாததாலா? இல்லை. பயத்தோடு, பார்வையைத் திருப்பாமல் பார்த்ததால். 'எனக்குப் பயமே இல்லை' என்று சொல்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி. பின்னால் சத்தமில்லாமல் அது நெருங்கி வரும். 'ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது' என்று நேருக்கு நேர் பார்த்துச் சொல்லுங்கள். அது அந்த இடத்திலேயே கல்லாகிவிடும்.

என்ன குட்டீஸ், நீங்கள் விரல் இடுக்கு வழியாகப் பார்த்த காட்சி எது? இன்று சாயங்காலம், அதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "நீங்க சின்ன வயசுல எதைப் பார்த்துப் பயந்தீங்க?" என்று அப்பாவைக் கேளுங்கள், தாத்தாவைக் கேளுங்கள். அப்புறம் பாருங்கள், வீட்டில் எத்தனை கதை வருகிறது என்று!